ஜான் எல். லூயிஸ்

ஜான் லுவெலின் லூயிஸ் (பெப்ரவரி 12, 1880 - ஜூன் 11, 1969) ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழிற்சங்கத் தலைவர்களுள் ஒருவர் ஆவார். இவர் 1920 முதல் 1960 வரை நாற்பது ஆண்டுகள் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1935 இல் தொழில்துறை அமைப்புகளுக்கான குழு உருவாக முதன்மைக் காரணமாக இருந்தவரும் இவரே. 1946 இல் தொடங்கப்பட்ட நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல மற்றும் ஓய்வூதிய நிதி இவரது பெயருடன் பிரிக்க முடியாதபடி இணைந்தது. ஒரு தொழிலாளி பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்தாலும், அவரது பணிக்காலத்தை ஒரே கணக்கில் கூட்டி ஓய்வூதியம் வழங்கும் முறையை ஒரு பெருந்தொழில் முழுவதிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்நிதியின் சிறப்பாகும். அக்கணக்கின் விதிகளால் முதிய தொழிலாளர் பலர் ஓய்வூதியம் பெறாமற் போனதும் இவரது வரலாற்றின் ஒரு பகுதியே.

இளமை

லூயிஸ் அயோவா மாநிலத்தின் லூக்காஸ் மாவட்டத்தில் கிளீவ்லாந்து என்னும் சிறிய சுரங்கக் குடியிருப்பில் பிறந்தார். இவரது பெற்றோர் வேல்ஸ் நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தந்தை சுரங்கத் தொழிலாளி. வேலைநிறுத்தம் ஒன்றில் ஈடுபட்டதற்காகக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர் என்று இவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. லூயிசும் இளவயதிலேயே சுரங்கத்தில் இறங்கினார். 1901 இல் லூக்காசில் சங்கக் கிளை அமைந்தபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். அதன் பின் சில ஆண்டுகள் மேற்கு மாநிலங்களின் சுரங்கங்களில் வேலை செய்து திரிந்தார். 1907 இல் மிர்ட்டா பெல் என்பவரை மணந்தார்.

1908 இல் குடும்பத்துடன் இலினொய் மாநிலத்தின் பனாமா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள சங்கக் கிளையின் தலைவரானார். 1911 இல் சாமுவேல் கோம்பர்சு தலைமையில் இருந்த அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் அமைப்பாளராக நியமிக்கப்பட்டார். 1917 இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் புள்ளியியலாளர் பதவியும், அதையடுத்துத் துணைத் தலைவர் பதவியும் கிடைத்தன. புள்ளியியலாளராக இருந்த காலத்தில் நிலக்கரித் தொழிலின் உற்பத்தி, விலை, கூலி பற்றிய விவரங்களை இவர் நன்கு அறிந்து கொண்டார். பிற்காலத்தில் டன் கணக்கில் நிதி திரட்டும் யோசனையை இவர் விடாப்பிடியாக வற்புறுத்தியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சங்கத் தலைமை

1920 இல் லூயிஸ் தலைவரானபோது சங்கம் நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால் 1920களில் நிலக்கரித் தொழில் நலிவடைந்தது. சங்கம் இல்லாத தென்பகுதிச் சுரங்கங்கள் குறைந்த கூலியில் நிலக்கரி வெட்டி விற்றன. சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் ஐந்து லட்சத்திலிருந்து 1930களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சங்கத்தினுள் எழுந்த எதிர்ப்பை இவர் கடுமையாக அடக்கினார். மாவட்டக் கிளைகளின் தன்னாட்சியைப் பறித்துத் தமக்கு வேண்டியவர்களை அங்கே நியமித்தார். பின்னாளில் ஓய்வூதிய நிதியையும் இவர் இதே போக்கிலேயே நடத்தினார்.

1933 இல் பிராங்க்ளின் ரூசவெல்ட் அரசு இயற்றிய தேசியத் தொழில்துறை மீட்புச் சட்டம் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை ஏற்றுக்கொண்டது. லூயிஸ் சங்கத்தின் கருவூலத்தில் எஞ்சியிருந்த பணத்தை எல்லாம் செலவிட்டு அமைப்பாளர்களை அனுப்பினார். சில மாதங்களில் சங்கம் இழந்த பலத்தைத் திரும்பப் பெற்றது. 1934 இல் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏழு மணி நேர வேலை நாளும் ஐந்து நாள் வேலை வாரமும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

எஃகு, தானுந்து, ரப்பர் போன்ற பெருந்தொழில்களில் கைத்தொழில் வாரியாக அன்றி, ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் அனைவரையும் ஒரே சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது இவரது கொள்கை. 1935 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கூட்டமைப்பு மாநாட்டில் இக்கருத்து தோல்வியுற்றது. அம்மாநாட்டில் தச்சர் சங்கத் தலைவர் வில்லியம் அட்சிசனை இவர் முகத்தில் குத்திய நிகழ்ச்சி பரவலாக அறியப்பட்டது. அடுத்த மாதமே தொழில்துறை அமைப்புகளுக்கான குழு தொடங்கப்பட்டது. 1937 இல் ஜெனரல் மோட்டார்சு நிறுவனமும் யு.எசு. ஸ்டீல் நிறுவனமும் சங்கங்களை ஏற்றன. 1940 தேர்தலில் ரூசவெல்ட்டை எதிர்த்து வெண்டல் வில்க்கியை ஆதரித்த லூயிஸ், ரூசவெல்ட் வென்றதும் தாம் முன்பே அறிவித்தபடி அவ்வமைப்பின் தலைமையிலிருந்து விலகினார். 1942 இல் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் அதிலிருந்து வெளியேறியது.

எது வேலை நேரம்?

சுரங்கத் தொழிலாளி சுரங்க வாயிலில் நுழைந்த பின் நிலக்கரி வெட்டும் இடத்தை அடையப் பல கிலோமீட்டர் தூரம் நிலத்தடியில் செல்ல வேண்டியிருந்தது. இந்தப் பயண நேரத்துக்குக் கூலி இல்லை; வெட்டும் இடத்தில் நின்ற நேரமே வேலை நேரமாகக் கொள்ளப்பட்டது. வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரம் முழுவதற்கும் கூலி வேண்டும் என்று லூயிஸ் கோரினார். இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த 1943 இல் இதனை முன்னிட்டும் கூலி உயர்வு கேட்டும் சுமார் ஐந்து லட்சம் தொழிலாளர் பலமுறை வேலைநிறுத்தம் செய்தனர். போர்க்காலத்தில் நடந்ததால் பத்திரிகைகளும் பொதுமக்களும் லூயிசைக் கடுமையாக வெறுத்தனர். போர்க்கால வேலைநிறுத்தங்களைக் கட்டுப்படுத்தும் சிமித்-கொனலி சட்டம் அவ்வாண்டு ஜூனில் நிறைவேறியது. ஆயினும் நவம்பரில் ஏற்பட்ட உடன்பாடு பயண நேரத்துக்கு ஊதியம் வழங்கியது. 1945 இல் ஜுவெல் ரிட்ஜ் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிலத்தடிப் பயணமும் வேலை நேரமே என்று 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

ஊதியத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றும் இக்கேள்வி ஓய்வூதியக் கணக்கிலும் வருவதாகும். மணிக்கணக்கில் பணிப்பேறு தரும் திட்டங்களில், எந்த மணி கணக்கில் சேரும், எது சேராது என்பதே தொழிலாளியின் முதுமைக்கால வருவாயைத் தீர்மானிக்கிறது.

நல மற்றும் ஓய்வூதிய நிதி

1946 ஏப்ரல் 1 அன்று மென்னிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. லூயிசின் முதன்மைக் கோரிக்கை கூலி உயர்வு அன்று. வெட்டப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் முதலாளிகள் ஒரு தொகையை நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்பதே. முதலாளிகள் மறுத்தனர். அதிபர் ஹாரி ட்ரூமன் மே மாதத்தில் சுரங்கங்களை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மே 29 அன்று உள்துறைச் செயலர் ஜூலியஸ் குரூக்கும் லூயிசும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி டன்னுக்கு 5 சென்ட் வீதம் நிதிக்குச் செல்வது உறுதியானது. (இங்கு டன் என்பது அமெரிக்காவில் வழங்கும் 2000 இறாத்தல் எடையாகும், ஏறத்தாழ 907 கிலோகிராம்.) அனல்மிகு நிலக்கரியான அந்த்ரசைட்டு வெட்டுவோருக்குத் தனி நிதி ஏற்பட்டது.

அதே உடன்பாட்டின்படி கடற்படை அதிகாரி ஜோயல் பூன் தலைமையிலான குழு சுரங்கக் குடியிருப்புகளின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1947 இல் அறிக்கை வெளியிட்டது. பல குடியிருப்புகளில் தூய குடிநீரோ கழிவுநீர் வசதியோ இல்லை. நிறுவனம் அமர்த்திய மருத்துவருக்காகத் தொழிலாளியின் கூலியிலிருந்து பணம் பிடிக்கப்பட்டு வந்தது. கிடைத்த மருத்துவமோ பெரும்பாலும் தரமற்றதாக இருந்தது.

1946 நவம்பரில் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தது. நீதிமன்றத் தடையை மீறியதற்காகச் சங்கத்துக்கு 35 லட்சம் டாலரும் லூயிசுக்கு 10,000 டாலரும் தண்டம் விதிக்கப்பட்டன. 1947 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் தண்டத்தை, அது கட்டளைக்குப் பணிந்தால், 7 லட்சம் டாலராகக் குறைத்தது. அவ்வாண்டில் நிறைவேறிய டாப்ட்-ஹார்ட்லி சட்டம், முதலாளிகள் பணம் செலுத்தும் நலநிதிகளைச் சங்கம் தனியே நடத்தக்கூடாது எனவும், இரு தரப்பினரும் சம அளவில் அறங்காவலர்களை நியமிக்க வேண்டும் எனவும் விதித்தது. இதன்படி நிதிக்குச் சங்கத்தின் சார்பில் லூயிசும், முதலாளிகள் சார்பில் ஒருவரும், நடுநிலையாளர் ஒருவரும் அறங்காவலர் ஆயினர்.

அறங்காவலர்களுக்கிடையே ஓய்வூதியத் தகுதி பற்றி உடன்பாடு ஏற்படாததால் 1948 மார்ச்சில் சுரங்கங்கள் மறுபடியும் மூடப்பட்டன. செனட்டர் ஸ்டைல்சு பிரிட்ஜசு நடுநிலை அறங்காவலராகி லூயிசுடன் சேர்ந்து வாக்களித்ததால் விதி முடிவானது: 62 வயது நிறைந்து, 20 ஆண்டுகள் நிலக்கரித் தொழிலில் பணியாற்றி, 1946 மே 29க்குப் பின் ஓய்வு பெற்றவருக்கு மாதம் 100 டாலர். அக்காலத்தில் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர் சராசரியாகப் பெற்றது மாதம் சுமார் 26 டாலர் மட்டுமே. 1948 செப்டம்பரில் வயோமிங் மாநிலச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு முதல் காசோலை வழங்கப்பட்டது. இதைத் தொடர்ந்து எஃகு, தானுந்துத் தொழிலாளரும் ஓய்வூதியம் கேட்டு 1949-50 இல் வெற்றி பெற்றனர்.

டன்னா, மணியா?

பல முதலாளிகள் சேர்ந்து நடத்தும் ஓய்வூதியத் திட்டங்களில் பொதுவான முறை, தொழிலாளி வேலை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் முதலாளி இவ்வளவு சென்ட் செலுத்துவது என்பதாகும். லூயிஸ் மணியை விட்டு டன்னைத் தேர்ந்தெடுத்தார். டன்னுக்கான தொகை 1947 இல் 10 சென்ட், 1948 இல் 20 சென்ட், 1950 இல் 30 சென்ட், 1952 இல் 40 சென்ட் என உயர்ந்தது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 1950 இல் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 டன் வெட்டினார். 1960 இல் இது ஏறத்தாழ 13 டன்னாக உயர்ந்தது. டன்னுக்கு 40 சென்ட் வீதம் 7 டன்னுக்கு 2.80 டாலரும் 13 டன்னுக்கு 5.20 டாலரும் நிதிக்குக் கிடைக்கும். மணிக்கணக்கில் செலுத்தியிருந்தால், எட்டு மணி நேர வேலைக்கு இரண்டு ஆண்டுகளிலும் ஒரே தொகையே கிடைத்திருக்கும். எனவே இயந்திரங்கள் வந்து ஆட்கள் குறைந்தபோதும் நிதியின் வருவாய் அதே வேகத்தில் குறையவில்லை. இயந்திரமயமாக்கலை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ள லூயிசுக்கு இது வழி செய்தது.

ஆனால் நிதிக்குப் பணம் டன் கணக்கில் வந்தாலும், தொழிலாளிக்குப் பேறு ஆண்டுக் கணக்கிலேயே சேர்ந்தது. மென்னிலக்கரித் தொழிலாளர் எண்ணிக்கை 1950 இல் நான்கு லட்சத்துக்கும் மேல் இருந்து 1960 இல் சுமார் 1.7 லட்சமாகக் குறைந்தது. வேலை இழந்தவரின் பணிக்கால எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது. அவர் விட்டுச் சென்ற இடத்தில் இயந்திரம் வெட்டிய நிலக்கரிக்கான பணமோ நிதிக்குத் தொடர்ந்து வந்தது. சங்கத்துடன் ஒப்பந்தம் செய்யாத சிறு சுரங்கங்கள் எதுவும் செலுத்தாமல் மலிவாக விற்றது டன் முறையின் மற்றொரு ஓட்டையாகும்.

பணிக்கால விதிகள்

1950 மார்ச் உடன்பாட்டுக்குப் பின் லூயிஸ் அறங்காவலர் குழுவின் தலைவரானார். இவரது நெருங்கிய ஆதரவாளரான ஜோசபின் ரோச் நிதியின் இயக்குநராகவும் நடுநிலை அறங்காவலராகவும் இருந்தார். ஆகவே நடைமுறையில் முடிவுகள் லூயிசுடையவையாகவே அமைந்தன. நிதி நன்மைகளையும் மிகுதியாகச் செய்தது. முதுகெலும்பு முறிந்து ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த தொழிலாளர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பப்பட்டனர். கென்டக்கி, வெர்ஜீனியா, மேற்கு வெர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் பத்து மருத்துவமனைகள் கட்டப்பட்டு 1956 இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டன.

அதே காலத்தில் தகுதி விதிகள் இறுகின. 1953 இல், தேவையான 20 ஆண்டுப் பணி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 30 ஆண்டுகளுக்குள் அமைந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. எடுத்துக்காட்டாக, 1915 முதல் 1932 வரை 17 ஆண்டுகளும், பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்து மீண்டும் 1940 முதல் 1946 வரை 6 ஆண்டுகளும் சுரங்கத்தில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பணி 23 ஆண்டுகள். அவர் 1955 இல் விண்ணப்பித்தால் 1925க்குப் பிந்தைய பணி மட்டுமே எண்ணப்படும். அதாவது 7 ஆண்டும் 6 ஆண்டும் சேர்ந்து 13 ஆண்டுகள். அவருக்கு ஓய்வூதியம் இல்லை. விகிதப்படி குறைந்த தொகையும் இல்லை. முழுத் தகுதி இருந்தால் முழுத் தொகை, இல்லையெனில் ஒன்றுமில்லை என்பதே முறை. மேலும், ஓய்வுக்கு முந்தைய கடைசி ஓராண்டேனும் சங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் சங்கச் சுரங்கத்தில் உழைத்து, அது மூடப்பட்டதால் கடைசி ஆண்டில் ஒப்பந்தமில்லாத சுரங்கத்துக்குப் போனவரும் தகுதி இழந்தார்.

பழைய வேலையை மெய்ப்பிப்பதும் எளிதன்று. சமூகப் பாதுகாப்புப் பதிவுகள் 1937 இல்தான் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு, மூடப்பட்டுப் போன நிறுவனங்களின் கூலிச் சீட்டுகளையும் உடன் வேலை செய்தோரின் உறுதிமொழிகளையும் விண்ணப்பதாரரே திரட்ட வேண்டியிருந்தது.

1960 இல், ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருப்போரின் மருத்துவ அட்டைகள் நீக்கப்பட்டன. 1961 இல் ஓய்வூதியம் 100 டாலரிலிருந்து 75 டாலராகக் குறைக்கப்பட்டது. 1962 இல், பங்களிப்புச் செலுத்தாத நிறுவனங்களில் வேலை செய்வோரின் அட்டைகளும் பறிக்கப்பட்டன. கிழக்குக் கென்டக்கியில் வெகுண்ட தொழிலாளர் ஊர் ஊராகச் சென்று சுரங்கங்களை மறித்தனர். மருத்துவமனைகளை நடத்த முடியாது என நிதி அறிவித்ததால், பிரெசுபிட்டேரியன் திருச்சபையின் முயற்சியில் உருவான அமைப்பு ஒன்று 1963-64 இல் அவற்றை ஏற்றது.

இந்த நெருக்கடிக்கு வருவாய்க் குறைவு மட்டுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது. வாஷிங்டன் தேசிய வங்கியின் பெரும்பான்மைப் பங்குகள் சங்கத்தின் வசம் இருந்தன. நிதியின் பல கோடி டாலர் அவ்வங்கியில் வட்டியில்லாக் கணக்கில் கிடந்தது. அதனால் வங்கியும் சங்கமும் பயன் பெற்றன. ஓய்வூதியம் மறுக்கப்பட்டவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. லூயிஸ் இப்பணத்தைத் தம் சொந்தச் செல்வமாக்கிக் கொள்ளவில்லை. ஆனால் நிதியைச் சங்கத்தின் ஆயுதமாகவே கருதினார் என்பது தெளிவு.

இறுதிக் காலம்

1960 ஜனவரியில் லூயிஸ் சங்கத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்றார். அறங்காவலர் குழுத் தலைமையை மட்டும் இறக்கும் வரை விடவில்லை. 1964 இல் அதிபர் லிண்டன் ஜான்சன் இவருக்கு விடுதலைக்கான அதிபர் பதக்கம் வழங்கினார். 1969 ஜூன் 11 அன்று வாஷிங்டனில் காலமானார். இலினொய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அடக்கம் செய்யப்பட்டார். இவர் இறந்து இரு வாரங்களுக்குள், அப்போதைய சங்கத் தலைவர் டோனி பாய்ல் ஓய்வூதியத்தை 115 டாலரிலிருந்து 150 டாலராக உயர்த்தினார். சங்கத் தேர்தல் நெருங்கிக் கொண்டிருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

நிதியின் பிற்கால வரலாறு

லூயிசின் விதிகளை மாற்றியவர்கள் ஓய்வூதியம் மறுக்கப்பட்ட தொழிலாளரே. 1970 இல் ரோர்க் எதிர் பாய்ல் வழக்கில், கடைசி ஆண்டு வேலை பற்றிய விதி காரணமற்றது என்று கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971 இல் பிளாங்கன்ஷிப் எதிர் பாய்ல் வழக்கில் நீதிபதி கெர்ஹார்ட் கெசல், வட்டியில்லாக் கணக்கில் பணம் வைத்தது அறங்காவலர் கடமைக்கு முரணானது எனக் கண்டு, அவ்வங்கியிலிருந்து நிதி விலக வேண்டும் என ஆணையிட்டார்.

1974 செப்டம்பரில் நிறைவேறிய பணியாளர் ஓய்வூதிய வருவாய்ப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதும் மணிக்கணக்கை அடிப்படையாக்கியது. 12 மாதங்களில் 1000 மணி நேரம் பணி செய்தால் அது நிலைத்த உரிமைக்கான ஓராண்டாகக் கொள்ளப்படும். எட்டு மணி நேர நாள் எனில் இது 125 நாட்கள் ஆகும். ஊதியத்துடன் கூடிய விடுப்பு நேரமும் ஓர் எல்லை வரை இதில் சேரும். ஒரே திட்டத்துக்குப் பணம் செலுத்தும் வெவ்வேறு முதலாளிகளிடம் செய்த மணிகள் ஒன்றாகக் கூட்டப்படும். ஆண்டில் 500 மணிக்கு மேல் இல்லையெனில் அதைப் பணி முறிவாகக் கொள்ள இடமுண்டு. தேவையான ஆண்டுகள் நிறைந்து உரிமை நிலைத்தபின், வேலையை விட்டுச் சென்றாலும் அதுவரை சேர்ந்த ஓய்வூதியத்தைப் பறிக்க முடியாது. மேலே கண்ட எடுத்துக்காட்டின் தொழிலாளிக்கு இல்லாதிருந்தது இந்தப் பாதுகாப்பே.

அதே ஆண்டு டிசம்பரில் ஏற்பட்ட சங்க ஒப்பந்தம் பழைய நிதியைப் பிரித்து 1950 ஓய்வூதியத் திட்டம், 1974 ஓய்வூதியத் திட்டம் எனவும், அவற்றுக்கு இணையான இரு மருத்துவ நலத் திட்டங்கள் எனவும் அமைத்தது. முதலாளிகளின் பங்களிப்பும் டன், வேலை மணி ஆகிய இரண்டின் அடிப்படையிலும் கணக்கிடப்பட்டது. 2007 இல் 1950 திட்டம் 1974 திட்டத்துடன் இணைக்கப்பட்டது. நிலக்கரி நிறுவனங்கள் பல திவாலானதால் நலிவுற்ற இத்திட்டத்துக்கு, 2019 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் அரசு நிதி உதவி கிடைத்தது.